பிரிக்கப்படாத பொதி

இயங்குதளங்களின் கதை – 23

சென்ற அத்தியாயம் 2001 ஆகஸ்ட் மாதத்தில் நின்றது. ஆப்பிளை விட்டு வெளியேறிய ழான்-லூயி கசே 1990-இல் தொடங்கிய பீ நிறுவனத்தின் சொத்துகளை, கைக்கணினிகள் தயாரித்துவந்த பாம் நிறுவனம் 1.1 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. பீஓஎஸ் என்ற இயங்குதளம் அத்தோடு அநாதையானது. செய்தி வந்த சில நாட்களிலேயே மைக்கேல் ஃபிப்ஸ் முன்னின்று ஒரு குழுவைக் கூட்டினார். ஓப்பன்பீஓஎஸ் என்று தொடங்கி, 2004-இல் ஹைக்கூ என்று பெயர் மாறிய திட்டம் அது. கோப்பு மேலாளரான டிராக்கர் போன்ற ஓரிரு பகுதிகள் மட்டும் முன்பே கட்டற்ற மென்பொருளாக வெளியாகியிருந்தன. மற்றவற்றை எல்லாம், மூல நிரல் கையில் இல்லாமல், புதிதாக எழுத வேண்டும். எழுதினார்கள்.

அந்தக் குழுவுக்குள் நடந்த நீண்ட வாதம் ஒன்றை இந்த வாரம் பார்ப்போம். ஒரு நிரல் பயனரின் கணினிக்குள் எப்படி வந்து உட்கார வேண்டும், எப்படி வெளியேற வேண்டும் என்பதே வாதம். கேட்பதற்கு ஏதோ நிர்வாக விவகாரம் போலிருக்கும். ஆனால் ஓர் இயங்குதளம் தன் பயனரை எவ்வளவு மதிக்கிறது என்பது, ஐகான்களின் அழகைவிட இந்த இடத்தில்தான் எனக்கு அதிகம் தெரிகிறது.

பீஓஎஸ்ஸில் ஒரு நிரலை நிறுவுவது என்றால் என்ன? சாஃப்ட்வேர்வேலட் என்ற நிறுவியும் இருந்தது. ஆனால் பலரும் செய்தது இன்னும் எளிது. ஒரு ஜிப் கோப்பை இறக்கி, விரித்து, கிடைத்த கோப்புறையை விருப்பமான இடத்துக்கு இழுத்துப் போடுவார்கள். அவ்வளவுதான், நிரல் ஓடும். வேண்டாமென்றால் அந்தக் கோப்புறையைக் குப்பைத்தொட்டியில் போடுவார்கள். ரெஜிஸ்ட்ரியில் எச்சம் எதுவும் மிஞ்சாது. பாதி நீங்கிய நிரல் பயமுறுத்தாது. விண்டோஸ் 98-உடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இது விடுதலையாகவே இருந்திருக்கும்.

இந்த எளிமைக்குப் பின்னால் நல்ல பொறியியல் இருந்தது. டொமினிக் ஜியாம்பாவ்லோவும் சிரில் மெரியோனும் எழுதிய பிஎஃப்எஸ் கோப்பு முறைமை, கோப்புகளோடு கூடுதல் பண்புகளையும் சேமித்து, அவற்றுக்கு அட்டவணை போட்டு வைக்கும். ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு தனி அடையாளக் கையொப்பம் உண்டு. ஒரு படக் கோப்பைச் சொடுக்கினால், அதைத் திறக்கவேண்டிய நிரல் எங்கே இருக்கிறது என்று முறைமை பாதையை வைத்துத் தேடாது. கையொப்பத்தை வைத்து அட்டவணையில் கேட்கும். அதனால் நிரல் எங்கே கிடந்தாலும் கவலையில்லை. நிரலுக்குத் தேவையான லைப்ரரிகளை அதே கோப்புறைக்குள் ஒரு துணைக் கோப்புறையில் வைத்துவிட்டால், முறைமை முதலில் அங்கேதான் பார்க்கும். ஒரு நிரலின் உடைமைகள் அனைத்தும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

இது நன்றாக வேலை செய்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பீஓஎஸ் நிரல்கள் பெரும்பாலும் பீஓஎஸ்ஸுக்கென்றே எழுதப்பட்டவை. இயங்குதளமே தரும் லைப்ரரிகள் அவற்றுக்குப் போதும். வெளியிலிருந்து கடன் வாங்குவது குறைவு. சின்ன ஊர், தெரிந்த முகங்கள்.

ஹைக்கூவின் முதல் ஆல்ஃபா பதிப்பு 2009 செப்டம்பர் 14 அன்று வெளிவந்தபோது அந்த ஊர் மாறிவிட்டிருந்தது. எட்டு ஆண்டுகளில் இணையமும் வன்பொருளும் வளர்ந்திருந்தன. பீஓஎஸ்ஸுக்காகவே நிரல் எழுதியவர்களில் பலர் வேறு தளங்களுக்குப் போய்விட்டார்கள். ஹைக்கூவில் அன்றாட வேலை நடக்க வேண்டுமென்றால் லினக்ஸ் உலகின் நிரல்களைக் கொண்டுவந்துதான் ஆக வேண்டும். அதற்காகவே ஹைக்கூபோர்ட்ஸ் என்ற துணைத்திட்டம் இயங்கியது. பைத்தான் வந்தது, க்யூடி வந்தது, ஓப்பன்எஸ்எஸ்எல் வந்தது. இவை தனியாக வருவதில்லை. ஒரு நிரலுக்கு ஐந்து லைப்ரரி தேவை, அந்த ஐந்தில் இரண்டுக்கு இன்னும் நான்கு தேவை. அந்த நான்கிலும் குறிப்பிட்ட பதிப்புதான் தேவை.

ஆல்ஃபா காலத்தில் இதற்குச் செய்த ஏற்பாடு ஒரு கட்டளைநிரல். விருப்பப் பொதிகளின் பட்டியல் ஒன்று இருக்கும். பெயரைக் கொடுத்தால் ஜிப்பை இறக்கி, எல்லாருக்கும் பொதுவான ஒரு கோப்புறைக்குள் விரித்துவிடும். எந்தக் கோப்பு எந்தப் பொதியிலிருந்து வந்தது என்பதற்குக் கணக்கு கிடையாது. பத்துப் பொதிகளை விரித்த பிறகு ஒன்றை மட்டும் நீக்க நினைத்தால், எதைத் தொடுவது என்று தெரியாமல் கை நின்றுவிடும். பீஓஎஸ்ஸின் மிகப் பெரிய வசதியே, அதாவது நீக்குவதில் இருந்த அந்தத் தெளிவே, பறிபோய்விட்டது. தற்காலிகம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நிரந்தரமாக என்ன செய்வது என்பதில்தான் பிளவு.

ஒரு தரப்பு பழைய வழியையே செம்மைப்படுத்தச் சொன்னது. ஒவ்வொரு நிரலும் தனக்குத் தேவையான எல்லாவற்றையும் தன் கோப்புறைக்குள்ளேயே சுமந்து வரட்டும். மேக் இயங்குதளத்தில் அப்படித்தான். லினக்ஸின் நெருங்கிய உறவான பிஎஸ்டி உலகிலும் பிசி-பிஎஸ்டி அப்படிச் செய்து காட்டியிருந்தது. வட்டு இடம் மலிந்துவிட்ட காலத்தில் ஒரே லைப்ரரி பத்து முறை இருந்தால் என்ன குறை என்று அவர்கள் கேட்டார்கள். பொதிகளுக்கு ஒரு களஞ்சியம், ஒரு பொதிக்கு மற்றொன்று தேவை என்ற சார்பு, அதைக் கணக்கிடும் தீர்வு நிரல் என்று கொண்டுவந்தால் ஹைக்கூ இன்னொரு லினக்ஸ் ஆகிவிடும் என்பது அவர்களுடைய அச்சம். அச்சத்துக்கு ஆதாரமும் இருந்தது. ரெட்ஹாட்டின் ஆர்பிஎம் பொதிகளோடு 1990-களின் கடைசியில் வாழ்ந்தவர்களுக்கு ‘சார்பு நரகம்’ என்ற சொல் நன்றாகத் தெரியும்: ஒன்றை நிறுவப் போய் இன்னொன்று கேட்க, அது மூன்றாவதைக் கேட்க, மூன்றாவது முதலாவதோடு ஒத்துப்போகாது.

மற்ற தரப்பு லினக்ஸ் வழங்கலான டெபியனைக் காட்டியது. 1999-இல் வெளியான டெபியன் 2.1-இலேயே ஏபிடி வந்துவிட்டது. சார்புகளை அதுவே கணக்கிட்டு, இறக்கி, வரிசைப்படி நிறுவும். நரகம் என்று சொன்னது பெரும்பாலும் அங்கே தீர்ந்துபோன சிக்கல். அதோடு அவர்கள் கையில் ஒரு வலுவான வாதமும் இருந்தது. 2002 மார்ச்சில் ஸெட்லிப் என்ற சின்ன லைப்ரரியில் ஒரு பாதுகாப்புப் பிழை வெளிப்பட்டது. தரவைச் சுருக்கி விரிக்கும் இந்த லைப்ரரியைப் பயன்படுத்தாத மென்பொருளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பொதுவான ஒரே ஸெட்லிப்பைப் பகிர்ந்துகொண்ட நிரல்களுக்கு அந்த ஒன்றை மாற்றியதோடு வேலை முடிந்தது. அதைத் தமக்குள் விழுங்கி வைத்திருந்த நிரல்களை ஒவ்வொன்றாகத் தேடி, ஒவ்வொன்றையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. தனிக்குடித்தனத்தில் சுதந்திரம் உண்டு, ஆனால் எந்த அடுப்பில் வாயு கசிகிறது என்று வீடு வீடாகப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

இந்த வாதத்தைப் படிக்கும்போது எனக்குப் பிடித்துப்போவது, இரு தரப்பும் பயனரின் பக்கம் நின்றே பேசியது. ஒருவர் பார்த்தது நிறுவும் நாளை. அன்று கண்ணுக்குத் தெரிவதே உண்மையாக இருக்க வேண்டும், கையால் எடுத்து வைக்க முடிய வேண்டும். மற்றவர் பார்த்தது அதற்குப் பிறகான ஆண்டுகளை. புதுப்பித்தல் வரும், பிழை வரும், ஒன்று மாறினால் மற்றொன்று உடையும். இரண்டுமே பயன்பாட்டு எளிமைதான். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் போதும் என்று பெரும்பாலான திட்டங்கள் முடிவெடுத்திருக்கும்.

ஹைக்கூ எடுத்த வழி எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பொதியைப் பிரிப்பதே இல்லை என்று முடிவு செய்தார்கள்.

விளக்குகிறேன். டெபியனில் பொதி என்பது ஒரு பயணப் பெட்டகம் மட்டுமே. நிறுவும்போது டிபிகேஜி என்ற நிறுவி அதை விரித்து, கோப்புகளை வட்டின் பல மூலைகளில் பரப்பி, எதை எங்கே வைத்தோம் என்று தன் தரவுத்தளத்தில் குறித்துக்கொள்ளும். முன்னும் பின்னும் சில கட்டளைநிரல்கள் ஓடும். நடுவில் மின்சாரம் போனால் பாதியில் நின்ற நிலை ஒன்று மிஞ்சும். அதைச் சரிசெய்யத் தனிக் கட்டளை. ஹைக்கூவின் ஹெச்பிகேஜி பொதி, சுருக்கப்பட்ட ஒரே கோப்பாகவே வட்டில் கிடக்கும். பேக்கேஜ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை கெர்னலுக்குள் இருந்துகொண்டு, பொதிகளுக்கான கோப்புறையில் உள்ள அத்தனை பொதிகளின் உள்ளடக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே கோப்புறை மரமாகக் காட்டும். முறைமைக் கோப்புறையைத் திறந்தால் வழக்கம்போல நிரல்களும் லைப்ரரிகளும் தெரியும். உண்மையில் அவை அங்கே எழுதப்படவில்லை. பொதிக்குள்ளிருந்து, கேட்கும் பகுதியை மட்டும் விரித்துத் தருகிறது கெர்னல்.

இதன் விளைவைப் பாருங்கள். ஒரு பொதியை அந்தக் கோப்புறைக்குள் இழுத்துப் போட்டால் நிரல் நிறுவப்பட்டுவிட்டது. வெளியே இழுத்தால் நீங்கிவிட்டது. விரிப்பதற்கு நேரம் செலவில்லை, சிதறிய எச்சம் இல்லை. பீஓஎஸ்காரர்கள் கேட்ட இழுத்துப் போடும் எளிமை அப்படியே திரும்பி வந்துவிட்டது. அதே சமயம் ஒவ்வொரு பொதிக்குள்ளும் தான் என்ன தருகிறது, தனக்கு என்ன வேண்டும் என்ற அறிவிப்பு இருக்கிறது. பின்னணியில் ஒரு காவல்நிரல் அந்தக் கோப்புறையையே கவனித்துக்கொண்டிருக்கும். தேவையான லைப்ரரி இல்லாத பொதி வந்து விழுந்தால், என்ன குறைகிறது, அதற்கு என்ன வழி என்று கேட்கும். சார்புக் கணக்கைத் தாங்களே புதிதாக எழுதாமல், ஓப்பன்சூசே திட்டத்தில் உருவான லிப்சால்வ் என்ற தீர்வு நிரலை எடுத்துக்கொண்டார்கள். நல்ல முடிவு அது. எந்த இடத்தில் புதுமை தேவை, எந்த இடத்தில் தேவையில்லை என்று தெரிந்திருந்தது.

வேலையின் பெரும் சுமையைத் தாங்கியவர்கள் ஜெர்மானியர்களான இங்கோ வைன்ஹோல்டும் ஆலிவர் டாப்பேயும். நன்கொடைப் பணத்தில் இயங்கும் ஹைக்கூ இன்க். என்ற லாபநோக்கற்ற அமைப்பு, இதை முடிப்பதற்காக அவர்களை ஒப்பந்தத்தில் அமர்த்தியது. 2013-இல் இது மூல நிரலின் பிரதானக் கிளையில் சேர்ந்தது.

சேர்ந்தபோது மாறியது கொஞ்சமல்ல. கெர்னலே ஒரு பொதிக்குள் போய்விட்டது. அப்படியானால் கணினியைத் துவக்கும் சின்னஞ்சிறு நிரலுக்கும் பொதியைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியும்படி எழுதினார்கள். அதனால் கிடைத்த பலன், இந்த முழுக் கதையிலும் என்னை அதிகம் கவர்ந்த ஒன்று. ஒவ்வொரு முறை பொதிகள் மாறும்போதும், அதற்கு முன் எந்தெந்தப் பொதிகள் இயக்கத்தில் இருந்தன என்ற நிலையை முறைமை நாளும் நேரமும் போட்டுச் சேமித்து வைக்கும். நீங்கிய பொதிகளையும் அதனோடு பத்திரப்படுத்தும். புதுப்பித்த பிறகு கணினி எழுந்திருக்கவில்லையா? துவக்கப் பட்டியலுக்குப் போய், நேற்றைய நிலையைத் தேர்ந்தெடுத்தால் நேற்றைய கணினி கிடைக்கும். புதுப்பிப்புக்குப் பயந்து பழைய பதிப்பிலேயே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் எத்தனை பேரை நாம் பார்க்கிறோம். அவர்களுடைய பயத்துக்கு நேரடியான பதில் இது. இதே திசையில் வேறு வழியாக நிக்ஸ்ஓஎஸ் திட்டமும் அந்தக் காலத்தில் நடந்துகொண்டிருந்தது. ஆனால் அங்கே எல்லாம் ஒரு நிரல்மொழியில் எழுதிக் கேட்க வேண்டும். ஹைக்கூவில் சுட்டியை நகர்த்தத் தெரிந்தால் போதும்.

எதிர்ப்பு அடங்கிவிட்டதா? இல்லை. பொதியின் உள்ளடக்கத்தை மாற்ற முடியாது என்பதால் முறைமைக் கோப்புறையின் பெரும்பகுதி படிக்க மட்டுமே ஆனது. பல ஆண்டுகளாகத் தங்கள் கணினியைத் தங்கள் விருப்பப்படி திருத்திப் பழகியவர்களுக்கு இது உறுத்தியது. தானே தொகுத்த ஒரு வன்பொருள் இயக்கியைப் பழையதன் மேல் எழுதிச் சோதிக்க முடியவில்லை. கூடவே வரும் மாதிரி நிரலை வேண்டாமென்று அழிக்க முடியவில்லை. என் கணினியில் எனக்கே அனுமதி மறுக்கிறதா என்ற கேள்வியில் நியாயமான கோபம் இருந்தது. ‘பொதியில் அடங்காதவை’ என்று தனியாக ஒரு கோப்புறை தந்தார்கள். அதில் வைப்பதை முறைமை ஏற்றுக்கொள்ளும். உடைந்த இயக்கியைத் துவக்கப் பட்டியலிலிருந்தே முடக்கும் வசதியும் வந்தது. அமைப்புக் கோப்புகளுக்கு எழுதக்கூடிய இடம் தனியாக இருந்தது. இருந்தாலும், ஒரே நிரலின் இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்துக்கொள்வது, நிரலை வேறொரு வட்டில் வைத்து ஓட்டுவது போன்ற பழைய சுதந்திரங்கள் பொதிகளுக்குக் கிடைக்கவில்லை. பழைய ஜிப் வழியை யாரும் தடை செய்யவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். லைப்ரரியைத் தன்னுடன் சுமந்துவரும் கோப்புறை இன்றும் எங்கிருந்தும் ஓடும்.

என் கணக்கில் இந்தச் சண்டையில் பொதித் தரப்பு சொன்னதே சரி. படிக்க மட்டுமே என்ற கட்டுப்பாடுதான் மேலே சொன்ன பின்னோக்கிச் செல்லும் வசதிக்கு அடித்தளம். ஆனால் அவர்கள் கோட்டைவிட்ட இடம் ஒன்றும் உண்டு. அது பெயரிடுதல்.

32-பிட் ஹைக்கூ, பழைய பீஓஎஸ் நிரல்களை அப்படியே ஓட்ட வேண்டும் என்ற உறுதியோடு கட்டப்பட்டது. அதற்காக ஜிசிசி தொகுப்பியின் 2.95 என்ற மிகப் பழைய பதிப்பை அவர்கள் விடாமல் வைத்திருந்தார்கள். புதிய சி++ நிரல்கள் அதில் தேறாது. ஆகவே ஒரே கணினிக்குள் பழைய தொகுப்பிக்கு ஒன்றும் புதிய தொகுப்பிக்கு ஒன்றுமாக இரண்டு தொகுதி லைப்ரரிகள். புதிய தொகுதியைச் சேர்ந்த பொதிகளின் பெயரோடு ‘எக்ஸ்86’ என்ற ஒட்டு சேர்ந்துகொண்டது. ஒரு சாதாரணப் பயனர் இதை எப்படிப் புரிந்துகொள்வார்? அவருடைய கணினியே எக்ஸ்86 தானே. ஒட்டு இல்லாததை நிறுவுவதா, ஒட்டு உள்ளதை நிறுவுவதா? தொகுப்பிகளின் வரலாறு தெரிந்தால் ஒழிய விடை தெரியாது. பொதியின் உள்கட்டமைப்பில் அத்தனை அக்கறை காட்டியவர்கள், பயனரின் கண்ணில் முதலில் படும் சொல்லைக் கட்டமைப்பாளரின் வசதிக்கு விட்டுவிட்டார்கள். 64-பிட் பதிப்பில் பழைய நிரல்களை ஓட்டும் கடமை இல்லாததால் இந்தச் சிக்கலும் இல்லை. பலர் அந்தப் பக்கம் போனதும் குழப்பம் குறைந்தது.

வேறு இடங்களில் அக்கறை நன்றாகவே தெரிந்தது. ஹைக்கூடிப்போ என்ற வரைகலை நிரல், பொதிகளை ஐகான், திரைப்பிடிப்பு, விளக்கம், பயனர் தரும் மதிப்பெண் ஆகியவற்றோடு காட்டியது. முனையத்தில் வேலை செய்பவர்களுக்கு பிகேஜிமேன் என்ற கட்டளை. பொதியின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கு இந்தக் கட்டளை வேண்டும், இந்த லைப்ரரி வேண்டும் என்று கேட்டாலே அதைத் தரும் பொதியைக் கண்டுபிடித்து நிறுவும். பெயரிடுதலில் விட்டதை இங்கே கொஞ்சம் பிடித்தார்கள் என்று சொல்லலாம்.

விலை என்ன என்று கேட்டால், காலம். நான்காம் ஆல்ஃபா 2012 நவம்பரில் வந்தது. அடுத்த வெளியீடான முதல் பீட்டா வந்தது 2018 செப்டம்பர் 28 அன்று. நடுவில் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள். பேக்கேஜ்எஃப்எஸ் 2013-இலேயே இயங்கிவிட்ட பிறகு ஏன் இத்தனை தாமதம்? பொதி முறை என்பது வட்டிலுள்ள கோப்பு முறைமையோடு முடிவதில்லை. நூற்றுக்கணக்கான பொதிகளை ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி தொகுத்து, களஞ்சியத்தில் வைத்து, ஒரு லைப்ரரி மாறினால் அதைச் சார்ந்த எல்லாவற்றையும் மறுபடி தொகுக்க வேண்டும். ஆரம்பத்தில் தன்னார்வலர்கள் தங்கள் சொந்தக் கணினிகளில் தொகுத்து ஏற்றினார்கள். அப்படிச் சேர்ந்த களஞ்சியத்தை நம்பி ஒரு வெளியீட்டுக்கு உறுதி கொடுக்க முடியாது. தானாகத் தொகுக்கும் இயந்திரங்களின் ஏற்பாடு நிலைபெற்ற பிறகுதான் வெளியீடு சாத்தியமானது. டெபியனில் இந்த வேலைக்குப் பெரும் தன்னார்வப் படையே இருந்தது. ஹைக்கூவில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்கள் அந்த ஆறு ஆண்டுகளில் இடைக்கால வெளியீடு ஒன்றையாவது கொடுத்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தவர்கள் பலர் திட்டம் செத்துவிட்டது என்று நம்பிவிட்டார்கள். நாள்தோறும் உருவான சோதனைப் பதிப்புகளில் உள்ளே நடந்த வேலை உள்ளே இருந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்தது.

அந்த வேலையின் பயன் 2018-லேயே கைக்கு வந்தது. முதல் பீட்டாவுக்குச் சற்று முன்பு லிப்ரேஆஃபீஸ் ஹைக்கூவுக்குப் பெயர்க்கப்பட்டது. எத்தனையோ லைப்ரரிகளின் தோளில் ஏறி நிற்கும் அலுவலகத் தொகுப்பு அது. 2009-இன் ஜிப் முறையில் அதைப் பயனரிடம் சேர்ப்பதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. பொதி முறை வந்த பிறகு, ஹைக்கூடிப்போவில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். தொடர்ந்து 2020, 2021, 2022, 2024 என நான்கு பீட்டாக்கள் வந்தன. முன்பு நிறுவியிருந்தவர்கள் வட்டை அழிக்காமல், களஞ்சியத்தின் முகவரியை மாற்றிப் புதுப்பித்தே அடுத்த பதிப்புக்குப் போனார்கள். ஆல்ஃபாக்களில் அது நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

ஆனால் 2001-இல் குறித்த இலக்கு, ஆர்1 என்ற முதல் நிலையான பதிப்பு, ஐந்தாம் பீட்டா வந்தபோதும் வரவில்லை. பழைய பீஓஎஸ் நிரல்களை ஓட்டும் உறுதியைக் காக்க அந்தப் பழைய ஜிசிசி தொகுப்பியை இன்னும் எத்தனை காலம் கட்டியழுவது என்ற கேள்வியும் அதோடு பிணைந்திருக்கிறது. அந்த விவாதம் அடுத்த வாரம்.